யாரும் செய்யாத அநீதி

அநீதி என்ற சொல்லைக் கேட்டதும் எம் மனக்கண் முன் ஒரு முகம் தோன்றும். ஏழையின் காணியைக் கள்ள உறுதி எழுதிப் பறிப்பவன், கூலியாளின் சம்பளத்தைப் பிடித்து வைப்பவன், நீதிமன்றிலே பொய்ச்சாட்சி சொல்பவன்: இவர்களுள் ஒருவனது முகம். அநீதி ஒன்று இருந்தால் அதைச் செய்த ஒருவன் இருக்கவேண்டும், அவன் அதை அறிந்தே செய்திருக்கவேண்டும் என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். நல்லெண்ணமுள்ளவர்கள் கூடியிருக்கும் இடத்தில் அநீதிக்கு இடமில்லை என்பதும் இதே எண்ணத்தின் மறுபக்கந்தான்.

வாசகர்களே, இன்று உங்கள் முன் வைக்க விரும்பும் கேள்வி இதுதான். எவருமே தீங்கு நினையாத ஓர் இடத்தில், எவருமே சட்டத்தை மீறாத ஓர் இடத்தில் அநீதி நடைபெற முடியுமா? நடைபெற்றால் அதற்கு யார் பொறுப்பு?

இக்கேள்வியை வெறுங் கற்பனையில் வைத்து ஆராயவேண்டியதில்லை. கடந்த சில பத்தாண்டுகளாக மேனாட்டுப் பல்கலைக்கழகங்கள் சில தமது விஞ்ஞான பீடங்களையே சோதனைக்கு உட்படுத்தியுள்ளன. அங்கு பணியாற்றும் பெண்கள் ஆண்களுக்குச் சமமாக நடத்தப்படுகின்றனரா, பதவியுயர்வில் இருபாலாருக்கும் ஒரே அளவுகோல்தானா என்று தேடிப் பார்த்துள்ளன. அத்தேடலின் கதை எமது கேள்விக்கு நல்லதோர் உரைகல்லாகும். ஏனெனில் விஞ்ஞான பீடம் என்பது ஆளைப் பாராமல் ஆதாரத்தைப் பார்ப்பதாகப் பெருமை கொள்ளும் இடம். அங்கேயே தராசு சாயுமானால் மற்ற இடங்களைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

தடைகள் கண்ணுக்குத் தெரிந்த காலம்

முன்னாளில் தடைகள் வெளிப்படையாக இருந்தன. ஐரோப்பாவின் மிகப் பழைய பல்கலைக்கழகங்களுள் ஒன்றாகிய பொலோஞா, அந்நாளில் பாப்பரசரின் ஆட்சிக்கு உட்பட்ட நகரில் இருந்தது. 1732ஆம் ஆண்டில் அங்கே லோறா பாசி என்ற இளம்பெண் கலாநிதிப் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 20. அதே ஆண்டிலே பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் பதவியும் அவருக்கு அளிக்கப்பட்டது. நகரமே விழாக் கொண்டாடியது. ஆனால் பெண் என்ற காரணத்தால், மேலிடத்திலிருந்து அழைப்பு வரும்போது மட்டுமே அவர் பகிரங்கமாக விரிவுரை செய்யலாம் என்றொரு கட்டுப்பாடும் கூடவே விதிக்கப்பட்டது. ஆகவே பிற்காலத்தில் அவர் தமது வீட்டிலேயே மாணவரைக் கூட்டிப் பௌதிகவியலைப் பரிசோதனைகளுடன் கற்பித்தார்.

அவருக்கு உறுதுணையாக நின்றவர் அந்நகரின் பேராயரான கர்தினால் லம்பர்த்தீனி. 1740இல் இவரே பதினான்காம் ஆசீர்வாதப்பர் என்ற பெயருடன் பாப்பரசரானார். 1745இல் அவர் 24 அறிஞர்களைக் கொண்ட குழுவொன்றை பொலோஞாவில் அமைத்தபோது, இருபத்தைந்தாவது உறுப்பினராக லோறா பாசியைத் தாமே சேர்த்துக்கொண்டார். குழுவிலிருந்த ஆடவர் சிலருக்கு இது உவப்பாக இருக்கவில்லை. பரிசோதனைப் பௌதிகவியலுக்குரிய பேராசிரியர் ஆசனம் பாசிக்குக் கிடைத்ததோ 1776இல். அவர் இறந்தது 1778இல். 20 வயதில் மாலை சூட்டியவர்கள், 60 வயது கடந்த பின்னரே ஆசனத்தைக் கொடுத்தார்கள். கௌரவம் ஒன்று, உரிய இடம் வேறொன்று என்பதை இதிலிருந்து கண்டுகொள்ளலாம். பெண்ணைப் புகழ்வதற்கு உலகம் பெரிதாகத் தயங்குவதில்லை. அவளுக்கென ஓர் ஆசனத்தை ஒதுக்கும்போதே தயக்கம் பிறக்கிறது.

இருநூறு ஆண்டுகள் கழிந்த பின்னரும் நிலைமை பெரிதாக மாறவில்லை. மரியா கோப்பெற் மேயர் என்ற பௌதிகவியலாளர் 1930இல் தமது கணவருடன் ஜேர்மனியிலிருந்து அமெரிக்கா சென்றார். கணவர் பேராசிரியர். ஒரே குடும்பத்தவர் இருவருக்கு வேலை கொடுக்கலாகாது என்ற விதி அந்நாளில் பல பல்கலைக்கழகங்களில் இருந்தது. உறவினருக்குச் சலுகை காட்டுவதைத் தடுக்க எழுந்த நல்ல விதிதான். ஆனால் அதன் பாரம் எப்பொழுதும் மனைவியின் தலையிலேயே விழுந்தது. இந்த அம்மையார் பல ஆண்டுகள் பல்கலைக்கழகங்களில் சம்பளமின்றியே ஆராய்ச்சி செய்தார். அணுக்கருவின் அமைப்புப் பற்றிய அவரது பெருங்கண்டுபிடிப்பும் அத்தகைய காலத்திலேதான் உருவாயிற்று. முழுச் சம்பளம் பெறும் பேராசிரியர் பதவி அவருக்கு 1960இல் கலிபோர்னியாவில் கிடைத்தது. மூன்றே ஆண்டுகளில், 1963இல், அவர் நோபல் பரிசு பெற்றார்.

இவ்விதிகள் இன்று பெரும்பாலும் மறைந்துவிட்டன. பெண் என்று சொல்லி எவரையும் வாசலில் நிறுத்தும் பல்கலைக்கழகம் இன்று மேனாட்டில் இல்லை. எனவே பிரச்சினை தீர்ந்துவிட்டது என்றுதான் பலரும் எண்ணினர். பெண்களும் அவ்வாறே எண்ணினர்.

ஓர் அளவுநாடாவின் கதை

அமெரிக்காவின் கேம்பிறிட்ஜ் நகரிலுள்ள மசாச்சுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகம், சுருக்கமாக எம்.ஐ.ரி., உலகப் புகழ்பெற்ற கல்விக்கூடம். நான்சி ஹொப்கின்ஸ் என்ற மூலக்கூற்று உயிரியலாளர் 1973இல் அங்கு ஆசிரியராகச் சேர்ந்தார். நன்றாக ஆராய்ச்சி செய்தால் உரிய மதிப்புத் தானே வந்துசேரும், ஆண் பெண் என்ற பேதம் விஞ்ஞானத்தில் இல்லை என்பதே அவரது நம்பிக்கை. இருபது ஆண்டுகளில் அவர் முழுப் பேராசிரியராகவும் உயர்ந்தார்.

1990களின் தொடக்கத்தில் அவர் தமது ஆராய்ச்சியை ஒரு புதிய திசையில் திருப்பினார். உடலில் கோடுகளைக் கொண்ட ஒருவகைச் சிறுமீன்களை வளர்த்து, முட்டையிலிருந்து உயிர் எவ்வாறு உருவாகிறது என்பதை ஆராய விரும்பினார். மீன்தொட்டிகளை வைக்க 200 சதுர அடி அளவில் கூடுதல் இடம் தேவைப்பட்டது. கேட்டார், கிடைக்கவில்லை. மற்றவர்களைவிடத் தமக்கு இடம் குறைவு என்று அவர் சொன்னதையும் பொறுப்பிலிருந்தோர் ஏற்கவில்லை.

அப்போது அவர் ஒரு விஞ்ஞானிக்கே உரிய செயலொன்றைச் செய்தார். ஓர் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு, மற்றவர்கள் வீடு சென்ற இரவு வேளைகளில், கட்டிடத்திலுள்ள ஆய்வுகூடங்கள் ஒவ்வொன்றையும் அளந்து குறித்துக்கொண்டார். மூத்த ஆண் பேராசிரியர்களுக்குச் சராசரியாக 3,000 சதுர அடி இருந்தது. இன்னும் நிரந்தர நியமனம் பெறாத இளைய ஆசிரியர்களுக்கே 2,000 சதுர அடி இருந்தது. முழுப் பேராசிரியரான அவருக்கோ 1,500 சதுர அடி!

அளந்த பின்னரும் அவர் தயங்கினார். நிறுவகத் தலைவருக்குக் கடிதம் ஒன்று வரைந்தார். அனுப்புமுன் சக பேராசிரியையான மேரி லூ பார்டுவிடம் அதைக் காட்டினார். குறை சொல்பவர் என்று அவர் தம்மை இகழ்ந்துவிடுவாரோ என்ற அச்சமும் இருந்தது. அவரோ கடிதத்தை வாசித்துவிட்டு, தாமும் அதில் ஒப்பமிட விரும்புவதாகச் சொன்னார். பின்னர் இருவரும் விஞ்ஞான பீடத்தில் நிரந்தரப் பதவி வகித்த ஏனைய பெண்களைத் தேடிச் சென்றனர். பட்டியலைத் தயாரிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. 1994இல் அப்பீடத்தின் ஆறு துறைகளிலும் நிரந்தர நியமனம் பெற்றிருந்த ஆண்கள் 194 பேர், பெண்கள் 15 பேர். வேறு பீடத்திலிருந்து தொடர்புடைய இருவரையும் சேர்த்துப் 17 பெண்கள். அவர்களுள் 16 பேர் கையொப்பமிட்டனர்.

இங்கே சற்று நின்று யோசியுங்கள். இப்பெண்கள் எல்லாரும் ஒரே நிறுவகத்தில், பலர் இருபது ஆண்டுகளாக, பணியாற்றியவர்கள். ஒவ்வொருவரும் ஏதோ ஒரு குறையை அனுபவித்தவர்கள். ஆயினும் ஒவ்வொருவரும் அக்குறை தமக்கு மட்டுமே நேர்ந்தது, தமது சுபாவத்தாலோ துரதிர்ஷ்டத்தாலோ வந்தது என்றே எண்ணியிருந்தனர். காரணம் எளியது. ஆளுக்கொரு சம்பவமாகப் பார்க்கும்போது எதுவுமே அநீதியாகத் தோன்றுவதில்லை. ஒருவருக்கு இடம் கிடைக்கவில்லையா, அந்த ஆண்டு இடமில்லை. இன்னொருவருக்குச் சம்பள உயர்வு இல்லையா, அவரை வேறு பல்கலைக்கழகம் எதுவும் அழைக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் உண்டு. எல்லாவற்றையும் ஒரே தாளில் நிரைப்படுத்தி எழுதும்போதுதான் நியாயங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருப்பது கண்ணுக்குப் புலப்படும்.

பீடாதிபதியாக இருந்த பௌதிகவியலாளர் றொபேட் பேர்ஜினோ இப்பெண்களைச் சந்தித்தார். அவர்கள் சொன்னதைக் கேட்டு, அதை ஆராய ஒரு குழுவை அமைக்க இசைந்தார். 1995இல் குழு வேலையைத் தொடங்கியது. சம்பளம், ஆய்வுகூட இடம், பொறுப்பான பதவிகள், விருதுகளுக்கான முன்மொழிவுகள் என்று ஒவ்வொன்றாகத் தரவுகளைச் சேர்த்தது. 1999 மார்ச் மாதத்தில் அறிக்கையின் பொதுப் பதிப்பு வெளியாயிற்று. நாட்டின் பெரிய பத்திரிகைகள் முதற் பக்கத்தில் அதைப் பிரசுரித்தன.

அறிக்கையில் மனத்தை உறுத்தும் செய்தி ஒன்று உண்டு. இளம் பெண் ஆசிரியர்கள் தம்மைத் துறைத் தலைவர்கள் நன்றாக ஆதரிப்பதாகவே கூறினர். குடும்பத்தையும் வேலையையும் எவ்வாறு ஒருங்கே நடத்துவது என்பதே அவர்களின் கவலை. மூத்த பெண்களோ, தாம் மெல்ல மெல்ல ஓரங்கட்டப்பட்டதாகக் கூறினர். ஆனால் இந்த மூத்தவர்களும் ஒரு காலத்தில் இளையவர்களைப் போலவே நம்பியவர்கள்! அநீதி வாசலில் நின்று மறிக்கவில்லை. வரவேற்று உள்ளே விட்டு, படி ஏற ஏறக் காலைப் பிடித்தது. அதனால்தான் ஒவ்வொரு தலைமுறையும் முன்னைய தலைமுறையின் துன்பம் பழங்கதை என்று எண்ணித் தன் பயணத்தைத் தொடங்கியது.

நிறுவகத்தின் தலைவர் சார்ள்ஸ் வெஸ்ற் இவ்வறிக்கைக்கு ஒரு முன்னுரை எழுதினார். பாரபட்சம் என்பது பாதி உண்மை, பாதி மனத்தோற்றம் என்று தாம் எண்ணியிருந்ததாகவும், உண்மையின் பங்கே மிகப் பெரிது என்பதை இப்போது உணர்வதாகவும் அதிலே கூறினார். அதிகாரத்தில் இருக்கும் ஒருவர் தமது நிறுவகத்தின் குறையை ஊரறிய ஒப்புக்கொள்வது எளிதான காரியமல்ல. 2001இல் அந்நாட்டின் ஒன்பது முன்னணிப் பல்கலைக்கழகங்களின் தலைவர்கள் எம்.ஐ.ரி.யிலே கூடி, பெண் விஞ்ஞானிகளுக்கு எதிரான தடைகள் இன்னும் இருப்பதை ஏற்றுக்கொண்டதற்கு அந்த ஒப்புதலே வழிதிறந்தது எனலாம்.

நல்லவர்களின் தராசு

இது ஒரு நிறுவகத்தின் கதைதானே என்று நீங்கள் கேட்கக்கூடும். இன்னும் இரண்டு ஆய்வுகளைப் பாருங்கள்.

சுவீடன் தேசம் ஆண் பெண் சமத்துவத்தில் உலகுக்கே முன்மாதிரி எனப் பெயர் பெற்றது. அங்கிருந்த மருத்துவ ஆராய்ச்சிச் சபை இளம் விஞ்ஞானிகளுக்கு ஆராய்ச்சிப் பதவிகளை வழங்கிவந்தது. 1995இல் 114 பேர் விண்ணப்பித்தனர். அவர்களுள் 52 பேர் பெண்கள். தெரிவான 20 பேருள் பெண்கள் நால்வர் மட்டுமே. கிறிஸ்ரீன் வென்னராஸ், ஆக்னஸ் வோல்ட் என்ற இரு பெண் விஞ்ஞானிகள், நடுவர்கள் இட்ட புள்ளிகளைப் பார்க்க அனுமதி கேட்டனர். சபை மறுத்தது. நாட்டின் தகவற் சட்டத்தைத் துணைக்கொண்டு, நீதிமன்றம் வரை சென்று அவற்றைப் பெற்றனர். 1997இல் வெளிவந்த அவர்களது ஆய்வு காட்டியது என்ன? ஓர் ஆண் பெறும் அதே தகுதிப்புள்ளியைப் பெற, ஒரு பெண் ஏறத்தாழ இரண்டரை மடங்கு ஆராய்ச்சிப் பயனைக் காட்டவேண்டியிருந்தது. இன்னொரு செய்தியும் வெளிவந்தது. நடுவர் குழுவில் எவருடனாவது முன்பே தொடர்புள்ளவருக்கும் அதேயளவு அனுகூலம் கிடைத்திருந்தது. அறிமுகமானவரை நம்புவது மனித இயல்பு. ஆனால் அவ்வியல்பு தராசில் ஏறிக் குந்திவிடுகிறது.

2012இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறொரு சோதனையை வெளியிட்டனர். ஆய்வுகூட முகாமையாளர் பதவிக்கான ஒரேயொரு விண்ணப்பத்தை 127 விஞ்ஞானப் பேராசிரியர்களுக்கு அனுப்பினர். ஒரு பாதியினருக்குச் சென்ற விண்ணப்பத்தில் ஜோன் என்ற ஆணின் பெயர். மறுபாதியினருக்குச் சென்றதில் ஜெனிபர் என்ற பெண்ணின் பெயர். மற்றபடி ஓர் எழுத்தும் வேறில்லை. ஜோனே கூடிய திறமையுள்ளவர் என மதிக்கப்பட்டார். அவருக்குத் தர நினைத்த ஆண்டுச் சம்பளம் சராசரியாக 30,238 டொலர். ஜெனிபருக்கு 26,508 டொலர். இதிலே நாம் கவனிக்கவேண்டியது இன்னொன்று. இவ்வாறு மதிப்பிட்டதில் ஆண் பேராசிரியருக்கும் பெண் பேராசிரியருக்கும் வேறுபாடு இருக்கவில்லை!

ஆகவே ஆண்கள் பெண்களை ஒடுக்குகிறார்கள் என்று சொல்லி இதை முடித்துவிட இயலாது. தாமே துன்பப்பட்ட பெண்ணின் கையிலும் அதே தராசு அதே பக்கமாகச் சாய்கிறது. இவர்களில் எவரையேனும் அழைத்து, நீர் பாரபட்சம் காட்டினீரா என்று கேட்டால், இல்லை என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய மனச்சாட்சி அவரைக் குத்தவில்லை. மனச்சாட்சி குத்தாத இடத்திலும் தவறு இருக்க முடியும் என்பதே இங்கு நாம் கற்கும் பாடம்.

மறுப்புகளையும் கேட்போம்

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பர் எம் முன்னோர். நீதிக்காகப் பேசுவோர் மறுபக்கத்தைக் கேளாமல் விடுவது நீதியாகாது.

முதலாவது மறுப்பு, ஆய்வுகள் எல்லாம் ஒரே முடிவைத் தரவில்லை என்பது. இது உண்மையே. 2015இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம்ஸ், செசி என்ற ஆய்வாளர்கள், கற்பனை விண்ணப்பதாரிகளைப் பற்றிய விவரங்களைப் பேராசிரியர்களிடம் கொடுத்துத் தெரிவு செய்யச் சொன்னார்கள். உதவிப் பேராசிரியர் பதவிக்குச் சமதகுதியுள்ள ஆணையும் பெண்ணையும் ஒப்பிட்டபோது, இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் பெண்ணையே விரும்பினர். இதை மறைக்கக்கூடாது. தராசு எல்லாக் காலத்திலும் எல்லாப் படியிலும் ஒரே பக்கமாகச் சாய்வதில்லை என்று இது சொல்கிறது. ஆனால் இதுவும் எண்ணிப் பார்த்ததனால் கிடைத்த அறிவே. அளக்கவேண்டிய கடமையை இது குறைக்கவில்லை. ஒரே இடத்தில் ஒருமுறை அளந்துவிட்டு ஓய்ந்திருக்கலாகாது என்றே காட்டுகிறது.

இரண்டாவது மறுப்பு, பெண்களே விரும்பி ஒதுங்குகிறார்கள் என்பது. கனடாவின் டொனா ஸ்ற்றிக்லண்ட் 2018இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசில் பங்குபெற்றார். அப்போது அவர் இணைப் பேராசிரியராகவே இருந்தார். உலகம் வியந்தது. தாம் முழுப் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பிக்கவேயில்லை என்று அவரே விளக்கினார். அவரது சொல்லை அவ்வாறே ஏற்போம். தன் விருப்பத்தால் ஒதுங்குபவரை இழுத்து மேலேற்றுவது எவருடைய கடமையுமல்ல. ஆயினும், கேட்பவருக்கே கிடைக்கும் என்றிருக்கும் ஏற்பாடு, கேட்கத் துணிந்தவருக்கும் கேட்கப் பழக்கப்பட்டவருக்குமே நன்மை செய்யும். சிறுவயது முதல் கேட்காதே, பொறுத்திரு என்று வளர்க்கப்பட்டவர், கேளாமல் இருப்பதைத் தம் சொந்த விருப்பம் என்றே நினைத்திருப்பார். விருப்பத்துக்கும் பழக்கத்துக்கும் இடையிலுள்ள எல்லையை எவரும் எளிதிற் கோடிட்டுக் காட்ட இயலாது.

மூன்றாவது மறுப்பு மிகவும் கனதியானது. நீதிதேவதையின் கண் கட்டப்பட்டிருக்கிறது. ஆண் இத்தனை, பெண் இத்தனை என்று எண்ணத் தொடங்கினால் அந்தக் கட்டை அவிழ்த்துவிடுகிறோம் அல்லவா? ஆளின் தகுதியைப் பார்ப்பதை விட்டு, ஆளின் பாலைப் பார்ப்பது முறையாகுமா? இம்மறுப்பை எளிதாகத் தள்ளிவிட முடியாது. எம்.ஐ.ரி. 2011இல் மீண்டும் தன்னை ஆராய்ந்தபோது, விஞ்ஞான, பொறியியற் பீடங்களில் பெண்களின் தொகை ஏறத்தாழ இரு மடங்காகியிருந்தது. 2004இல் பெண் விஞ்ஞானி ஒருவர் அந்நிறுவகத்தின் தலைவராகவும் வந்திருந்தார். ஆனால் புதிய மனக்குறை ஒன்றும் எழுந்திருந்தது. தகுதி குறைந்தும் பெண் என்பதற்காக எடுக்கப்பட்டவர் என்ற ஏளனப் பார்வையைப் பெண்கள் சந்தித்தனர். எல்லாக் குழுவிலும் ஒரு பெண் இருக்கவேண்டும் என்ற நல்லெண்ணத்தால், சிறு தொகையினரான பெண்களின் நேரம் கூட்டங்களிலேயே கரைந்தது. மருந்தும் தன்பங்குக்கு ஒரு நோவைத் தந்துவிட்டுப் போகிறது.

எனினும் இரண்டு வேலைகளை நாம் குழப்பிக்கொள்ளலாகாது. தராசைப் பிடித்து நிறுப்பவர், முன்னால் நிற்பவர் யார் என்று பாராமல் நிறுக்கவேண்டும். ஆனால் அத்தராசு சரியானதா என்று சோதிப்பவர் கண்ணைத் திறந்து பார்த்தேயாகவேண்டும். சந்தையிலே படிக்கல்லைச் சோதிக்க வரும் உத்தியோகத்தர் கண்ணை மூடிக்கொண்டு வந்தால் யாருக்கு இலாபம்? எண்ணுவது பரிசு கொடுப்பதற்கல்ல, படிக்கல்லைச் சோதிப்பதற்கே என்று கொண்டால் இம்மறுப்பின் கூர் பெரிதும் மழுங்கிவிடும்.

சமமும் நீதியும்

சமமாக நடத்தினால் நீதி கிடைத்துவிடுமா? இதற்கும் ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் புதிதாகச் சேரும் ஆசிரியர் குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்குள் தமது ஆராய்ச்சியால் தகுதியை நிரூபித்து நிரந்தர நியமனம் பெறவேண்டும். பெறாவிட்டால் வெளியேறவேண்டும். பெண்ணுக்கு அவ்வாண்டுகளே பிள்ளைப்பேற்றின் ஆண்டுகளும். ஆகவே பிள்ளை பிறந்தால் ஓராண்டு அவகாசம் கொடுத்தார்கள். தாய்க்கு மட்டும் கொடுத்தால் பாரபட்சமாகும் என்று, தந்தைக்கும் அதே அவகாசத்தை அளித்தார்கள்.

முடிவு என்ன? அந்நாட்டின் முன்னணிப் பொருளியல் துறைகள் ஐம்பதை ஆராய்ந்து 2018இல் வெளிவந்த ஆய்வொன்று, இந்த ஏற்பாட்டின் பின்னர் ஆண்கள் நிரந்தர நியமனம் பெறும் வாய்ப்பு உயர்ந்ததையும், பெண்களின் வாய்ப்புக் குறைந்ததையும் காட்டியது. அந்த ஓராண்டில் ஆண்களால் கூடுதலாக ஆராய்ச்சிக் கட்டுரைகளை வெளியிட முடிந்தது. தாய்மாருக்கு அது இயலவில்லை. இருவருக்கும் ஒரே நிவாரணம். ஒருவருக்கு அது ஓய்வு, மற்றவருக்கு அது இரவும் பகலும் உறக்கமின்மை. இங்கேயும் எவரும் தீமை நினைக்கவில்லை. நன்மையே நினைத்தார்கள். பின்னர் அளந்து பார்த்திராவிட்டால், நன்மையே செய்தோம் என்ற திருப்தியுடன் இருந்திருப்பார்கள்.

யார் பொறுப்பு?

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இப்போது விடை காணலாம். தீங்கு நினைப்பவர் ஒருவருமின்றியே அநீதி நடைபெற முடியும். நூறு சிறிய முடிவுகளிலே அது பங்குபோடப்பட்டிருக்கும். ஒவ்வொருவரின் பங்கும் கைகழுவிவிடக்கூடிய அளவுக்குச் சிறியது. பாதிக்கப்பட்டவர் மட்டும் அதன் முழுப் பாரத்தையும் சுமக்கிறார்.

இதற்குப் பொறுப்பு, பார்க்கக்கூடிய இடத்தில் இருந்தும் பாராதவருடையது. அறியாமல் செய்ததற்கு மன்னிப்புண்டு. ஆனால் அறியக்கூடிய வழி கையில் இருக்க, அறிய விரும்பாமல் இருப்பது வேறு விஷயம். எம்.ஐ.ரி.யின் கணக்குகள் எல்லாம் அங்குள்ள அலுவலகங்களிலேயே இருந்தன. இருபது ஆண்டுகளாக எவரும் அவற்றை ஒன்றுசேர்த்துப் பார்க்கவில்லை. இடத்தைப் பங்கிட்டவர் அளந்திருக்கவேண்டியதை, இடம் கிடையாதவர் இரவிலே தனியாக அளக்க நேர்ந்தது. அங்கேதான் தவறு. அளவுநாடாவைப் பிடிக்கவேண்டிய கை அதிகாரத்திலுள்ளவரின் கை.

அநீதியால் நன்மை பெற்றவருக்கும் ஒரு கடமையுண்டு. 3,000 சதுர அடி பெற்ற பேராசிரியர் எதையும் திருடவில்லை. வெட்கப்படவேண்டியதுமில்லை. ஆனால் கணக்கு வெளியான பின், எனக்குக் கிடைத்தது முழுவதும் என் திறமைக்குக் கிடைத்ததுதான் என்று அவர் சாதிப்பாரானால், அந்நேரம் முதல் அநீதி அவருடையதும் ஆகிவிடுகிறது.

வாசகர்களே, இவை தூரதேசத்துக் கதைகள் என்று பத்திரிகையை மடித்து வைத்துவிடாதீர்கள். எமது நாட்டிலே பல்கலைக்கழகம் புகுவோரில் இன்று பெண்களே பெரும்பான்மையினர். இது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் வாசலைக் கடந்தோரின் தொகை, படியேறியோரின் தொகையைச் சொல்லாது. எமது பல்கலைக்கழகங்களிலும் தகுதிகாண் விரிவுரையாளராகச் சேர்பவர் குறிப்பிட்ட காலத்துக்குள் மேற்பட்டம் பெற்றுவிடவேண்டும். பெண்பிள்ளைக்குக் கலியாணம் பேசும் காலமும், பேரப்பிள்ளையை எதிர்பார்க்கும் காலமும் அதுவேதான். வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்யப் புலமைப்பரிசில் கிடைத்த மகனை ஊரே கூடி வழியனுப்பி வைக்கிறோம். அதே புலமைப்பரிசில் மகளுக்குக் கிடைத்தால், முதலில் கலியாணத்தை முடிப்போம், பிறகு பார்ப்போம் என்கிறோம். அந்தப் பிறகு எத்தனை பேருக்கு வந்தது?

நாம் எம் பெண்பிள்ளைகள் மீது அன்பில்லாதவர்களா? ஒருபோதுமில்லை. அவர்களின் நன்மையை நினைத்தே இதைச் செய்கிறோம். பேராசிரியர்களும் அவ்வாறே நினைத்தார்கள். ஆகவே நாமும் ஒரு கணக்கெடுத்துப் பார்ப்பது நல்லது. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகனும் மகளும் ஒரே வீட்டில் இருந்தால், மேசையும் மின்விளக்கும் யாருக்கு முதலில்? சமையலறையிலிருந்து யார் பெயர் சொல்லி அழைக்கப்படுகிறது? ரியூசன் காசு போதாமற் போனால் யாருடைய வகுப்பு நிறுத்தப்படுகிறது? ஒரு கிழமைக்கு இவற்றை ஒரு கொப்பியிலே குறித்து வாருங்கள். எவரையும் குற்றஞ்சாட்ட வேண்டாம், எவரும் அழவும் வேண்டாம். குறித்து மட்டும் வாருங்கள்.

கிழமை முடிவில் இரு பக்கமும் சரியாக இருந்தால் நிம்மதியடையலாம். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், அதுவரை அது எவருடைய குற்றமுமல்ல. கொப்பியை மூடிய அந்த நேரம் முதல் அதைச் சரிப்படுத்துவது எமது கடமையாகிறது.